ரசீது முதலில், படம் பிறகு

அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தால் ஸ்கேன் படத்தைக் கேட்கமாட்டார். கையை நீட்டி ரசீதைத்தான் கேட்பார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ரசீதில் இருக்கும் இடத்தின் பெயரை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் வாசிப்பார். பிறகு ஆளைப் பார்ப்பார். "ஏன் இந்த இடம்?" என்று கேட்பார். அதற்குப் பதில் வரும்வரை, வந்தவர் மடியில் வைத்திருக்கும் படத்தைத் தொடவும் மாட்டார்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு லேனில், பழைய கட்டடமொன்றின் இரண்டாம் மாடியில் அவர் இருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களை வாசித்து அறிக்கை எழுதிய பெண் டொக்டர். ஓய்வுபெற்ற பிறகு சனிக்கிழமைக் காலைகளில் வீட்டிலேயே ஆட்களைப் பார்த்தார். படத்தைக் கொண்டுபோனால் அதில் என்ன இருக்கிறது, ஆஸ்பத்திரி சொல்வது சரியா, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று விளங்குகிற தமிழில் அரை மணித்தியாலம் சொல்லித் தருவார். ஃபீஸ் கிடையாது. அதற்குப் பதிலாக, நாங்கள் விரும்பிய தர்ம ஸ்தாபனம் ஒன்றுக்கு முடிந்ததைக் கொடுத்துவிட்டு ரசீதைக் கொண்டுபோக வேண்டும். எங்கே கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று அவர் சொல்வதில்லை. போனில் வரும் பாங்க் சிலிப்பைக் காட்டினால் ஏற்பதில்லை. இடத்தின் பெயர் போட்ட கடதாசி வேண்டும்.

இதைக் கேட்டதுமே எனக்குப் பொறி தட்டியது. நான் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிறவன். வராத காய்ச்சலுக்கு வாங்கிய மருந்து, படுக்காத கட்டிலுக்குக் கட்டிய வாடகை, இவற்றைத் தேடிப் பிடிப்பதுதான் என் வேலை. இருபது வருஷத்துக்கு மேல் பொய்யைத் தேடிச் சம்பளம் வாங்கியவனுக்கு, ஒருவர் தன் நேரத்தைச் சும்மா கொடுக்கிறார் என்றால் நம்ப வராது. இந்தக் குணத்தால்தான் எனக்குக் கலியாணமும் சரிவரவில்லை என்று அக்கா சொல்லுவாள். இருக்கலாம்.

முதல் தடவை நான் அங்கே போனது துணைக்கு. கொட்டாஞ்சேனையில் எங்கள் கீழ் வீட்டில் இருக்கிற ரீச்சருக்கு முள்ளந்தண்டில் கோளாறு, மாடிப்படி ஏற ஒரு கை வேண்டும். ஹோலில் நாலைந்து பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தன. டொக்டரின் அறைக் கதவு திறந்தே இருந்தது. மூடினால் காற்று வராதாம். உள்ளே கதைப்பது முழுக்க வெளியே கேட்டது. எனக்கு இது முதல் சந்தேகம்.

அன்று எங்களுக்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர் மனைவியோடு உள்ளே போனார். ஈரல் ஸ்கேன். ரசீதை வாசித்த டொக்டர், வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"சும்மாதான், டொக்டர். தெரிஞ்ச ஒரு ஆள் சொன்னார்."

"குடியை மறக்கடிக்கிற இடத்துக்குச் சும்மா குடுக்கமாட்டினம். நீங்கள் விட்டு எவ்வளவு காலம்?"

மனைவிதான் பதில் சொன்னார். "ரெண்டு வருசம், டொக்டர். ஒரு டொக்டரிட்டயும் இவர் சொன்னதில்ல. நான் சொன்னாலும் திட்டுவார்."

"ஆக்கள் டொக்டருக்கு முன்னால வந்தா நல்ல பிள்ளை ஆகிவிடுவினம்," என்றார் அவர். "சரி, இப்ப படத்தைத் தாங்கோ."

இந்த வசனத்தைப் பிறகு பல தடவை கேட்டிருக்கிறேன். ஒரு துண்டுக் கடதாசியைப் பார்த்துவிட்டு ஒருவருடைய வீட்டு ரகசியத்தை எப்படிச் சொல்கிறார்? யாரோ வெளியே இருந்து தகவல் கொடுக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வாசலில் காவல் இருக்கிற வாச்சரைக்கூட ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வந்தேன்.

எங்கள் கொட்டாஞ்சேனைச் சனம் இந்த ஏற்பாட்டைத் தங்களுக்குத் தெரிந்த மாதிரித்தான் விளங்கிக்கொண்டது. நேர்த்தி. காரியம் நடந்தால் அந்தோனியாருக்கு மெழுகுதிரி, நடக்காவிட்டால் இன்னொரு செவ்வாய்க்கிழமைப் பூசை. முகத்துவாரத்தில் இருந்து வந்த ஒரு அம்மா வெறுங்கையோடு வந்து உட்கார்ந்து, "நல்ல செய்தி சொல்லுங்க டொக்டர், பிறகு கட்டாயம் குடுக்கிறன்" என்றாராம். டொக்டர் எழும்பிவிட்டாராம். "நான் அந்தோனியார் இல்லை. என்னட்ட நேர்த்தி வைக்க ஏலாது." அந்த அம்மா அடுத்த கிழமை இரண்டு கிலோ அரிசியைக் கன்னியாஸ்திரிகளின் மடத்துக்குக் கொடுத்து, அதற்கு ஒரு சிஸ்டரிடம் கடிதமும் வாங்கிக்கொண்டு வந்தார். அதை டொக்டர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

செட்டியார் தெரு நகைக்கடைக்காரர் ஒருவர் எதிர்ப்பக்கமாகப் போனார். மூன்று இடங்களுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு மூன்று ரசீதுகளோடு வந்தார். "இவ்வளவு குடுக்கிற அளவுக்கு என்ன பயம் உங்களுக்கு?" என்று டொக்டர் கேட்டாராம். அவருக்கு வந்த செய்தி நல்லதாக இருக்கவில்லை. அதோடு எங்கள் பக்கத்தில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. கூடக் கொடுத்தால் நல்ல செய்தி வரும் என்று ஒரு கட்சி. கூடக் கொடுத்தால் தோஷம், அளவாகக் கொடு என்று மற்றக் கட்சி. நான் இரண்டிலும் சேரவில்லை. ரசீதுக்கும் செய்திக்கும் தொடுப்பு இருக்கிறது என்று சனமே சொல்கிறதென்றால் உள்ளே ஏதோ நடக்கிறது என்பது என் கட்சி.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. செய்தி கெட்டதாக இருந்தால், வந்தவரோடு தானும் செருப்பைப் போட்டுக்கொண்டு இரண்டு மாடியும் இறங்கி வருவார். லேன் முனையில் நின்று த்ரீவீலை மறித்து, சிங்களத்தில் சாரதியோடு பேரம் பேசி, ஏற்றி அனுப்பிவிட்டு மறுபடி ஏறுவார். முழங்கால் வலி உள்ள மனுசி. ஹோலில் காத்திருக்கிற நாங்கள், செருப்பைப் போடுகிறாரா என்று அவருடைய காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். இதில் மட்டும் எனக்குக் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க முயலவில்லை என்று சொல்லமாட்டேன்.

இப்படி இருக்கையில்தான் அக்காவுக்கு இருமல் வந்தது. அக்கா கொட்டாஞ்சேனைச் சந்தியில் சின்னப் பெட்டிக்கடை போட்டு லொத்தர் டிக்கட் விற்கிறவள். மச்சான் செத்த பிறகு என்னோடுதான் இருக்கிறாள். சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலிஷ் ஒரு எழுத்தும் தெரியாது. பாங்க் கடிதம், லைட் பில், ஆஸ்பத்திரித் துண்டு, எது வந்தாலும் என் கையில் தந்துவிட்டு நான் வாசித்துச் சொல்லும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில் சீ.டி. ஸ்கேன் எடுத்தோம். வலது சுவாசப்பையின் மேல்பக்கத்தில் ஒரு நிழல் என்றார்கள். உடனே அட்மிட் பண்ணச் சொன்னார்கள். அவர்களுடைய பில்களை நான் தினமும் பார்க்கிறவன். நம்பவில்லை.

"வெள்ளவத்தை டொக்டரிட்ட காட்டுவம்," என்றாள் அக்கா.

அவரையும் நான் நம்பவில்லையே. அக்காவை அவர் கையில் ஒப்படைக்கும் முன்பு ஆளைச் சோதித்துப் பார்ப்பது என் கடமை என்று நினைத்தேன். இது பாசத்தில்தான் தொடங்கியது. இதை எழுதும்போதும் அதைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

திட்டம் இதுதான். அதே படத்தை முதலில் நான் ஒரு பெரிய ரசீதோடு கொண்டுபோவது. பிறகு அக்கா சின்ன ரசீதோடு போவது. இரண்டு செய்தியும் ஒன்றா என்று பார்ப்பது. ஒஃபிஸில் ஒருவர் நெஞ்சு நோயாளர் சங்கம் ஒன்றுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார். போனஸில் பெரும்பகுதியை அவரிடம் கொடுத்து ரசீது எடுத்தேன். படத்தில் அக்காவின் பெயர் இருந்த மூலையைக் கறுப்பு டேப்பால் மறைத்தேன். அக்காவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ரீச்சரோடு போனபோதெல்லாம் நான் ஹோலிலேயே இருந்தவன், டொக்டர் என்னோடு கதைத்ததில்லை.

டொக்டரிடம் நான் சொன்ன கதை: நான் காப்புறுதிக் கம்பெனி ஆள், துறைமுக கன்ரீனில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் கேஸ், சர்ச்சை இருப்பதால் பெயரைக் காட்ட முடியாது. அவர் தலையை ஆட்டிவிட்டு ரசீதை வாசித்தார். இரண்டு தரம்.

"ஏன் இந்த இடம்?"

எல்லாவற்றையும் யோசித்தவன் இந்தக் கேள்விக்குப் பதிலை யோசிக்காமல் போயிருந்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன். "இந்தப் பொம்பிளைக்கு முந்திக் காசம் வந்ததாம், டொக்டர். அதுதான்."

"எப்ப?"

"பதினஞ்சு வருசம் இருக்கும்."

"அந்த நேரத்துப் பழைய படம் ஏதும் இருக்கோ?"

"ஒஃபிஸ்ல இருக்கு. அதிலயும் இதே நிழல் இருக்கு."

"நீங்கள் உங்கட கண்ணால பார்த்தனீங்களோ?"

"ஓம்."

படத்தை வெளிச்சப்பெட்டியில் மாட்டி நீண்ட நேரம் பார்த்தார். ஒரு பூதக்கண்ணாடியை வைத்து அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பதினஞ்சு வருசமா இதே அளவிலை இருக்கெண்டா பழைய காசத்தின்ர வடுதான். வேற ஒண்டுமில்லை. ஆனா அந்தப் பழைய படத்தைக் கொண்டு வந்து காட்டுங்கோ. அதுக்குப் பிறகுதான் எழுத்தில தருவன்."

வடு. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அக்காவுக்கு ஒன்றுமில்லை என்று ஒரு பக்கம் சந்தோஷம். இனி மற்றப் பாதிச் சோதனை.

மூன்று சனிக்கிழமை கழித்து, டேப்பை உரித்துவிட்டு, அதே படத்தோடு அக்காவை அனுப்பினேன். கூட ரீச்சர் போனார். என் முகம் டொக்டருக்கு ஞாபகம் இருக்கும் என்பதால் நான் காலி வீதியில் ஒரு பேக்கரியில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு இருந்தேன். அக்காவின் ரசீது ஹெந்தளையில் ஒரு முதியோர் இல்லத்தினுடையது. சின்னத் தொகை. அவளிடம் டிக்கட் வாங்கிய ஒரு கிழவி இப்போது அங்கே இருக்கிறாராம்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு த்ரீவீல் வந்து நின்றது. அக்கா உள்ளே தள்ளி இருந்து எனக்கு இடம் விட்டாள்.

"டொக்டர் கீழ வரைக்கும் வந்து ஏத்திவிட்டவ," என்றாள்.

எனக்கு அதன் அர்த்தம் தெரியும். ரீச்சருக்கும் தெரியும், அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னவ?"

"காசம் வந்ததா எண்டு கேட்டவ. இல்லை எண்டன். பழைய படம் இருக்கா எண்டவ. இதுதான் முதல் படம் எண்டன். மெலிஞ்சனான் எண்டும் சொன்னன். ஊசி போட்டு ஒரு துண்டு எடுத்துப் பாக்கோணுமாம். ரெண்டு கிழமைக்குள்ள போகச் சொன்னவ. கடிதமும் தந்தவ." பிறகு ஞாபகம் வந்தவளாக, "இந்தப் படத்தை முந்தி ஆரும் தன்னட்டக் கொண்டு வந்தவையா எண்டு கேட்டவ, தம்பி. இல்லை எண்டன். திரும்பவும் கேட்டவ. பால்கனில போய்க் கொஞ்ச நேரம் நிண்டிட்டு வந்தவ."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. எனக்குள் ஒரு குதூகலம். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். பெரிய ரசீதுக்கு வடு, சின்ன ரசீதுக்கு ஊசி. படம் ஒன்று, செய்தி இரண்டு.

கடிதம் அரசாங்க நெஞ்சாஸ்பத்திரிக்கு எழுதியிருந்தது. அவருக்குக் கமிஷன் வருகிற இடமில்லை அது. யோசிக்கிறவனுக்கு அது ஒன்றே போதும். ஆனால் எனக்குக் காரணம் கிடைக்காவிட்டால் நானே ஒன்றை உண்டாக்கிக்கொள்வேன். அங்கே அவருக்கு வேண்டியவர்கள் யாராவது இருப்பார்கள் என்று முடிவு செய்தேன். கடிதத்தை மடித்து என் மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

"அவ ஆளுக்கொரு கதை சொல்றவ, அக்கா. என்னட்ட ஆதாரம் இருக்கு. ஊசியும் வேணாம், ஒண்டும் வேணாம். ஆறு மாசம் கழிச்சு வேற இடத்தில இன்னொரு படம் எடுப்பம்."

"கடிதத்தில என்ன எழுதியிருக்கு?"

"வழமையான கதைதான்."

"சரி, நீ வாசிச்சனிதானே," என்று சொல்லிவிட்டு அக்கா டிக்கட் கட்டை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போனாள்.

அடுத்த மாதம் டொக்டர் சனிக்கிழமைகளில் ஆட்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார் என்று ரீச்சர் சொன்னார். குட்டு வெளிப்பட்டுவிடும் என்று ஆள் உஷாராகிவிட்டார் என நான் நினைத்தேன். நினைத்ததோடு விடவில்லை, கேட்டவர்களிடமும் சொன்னேன். எங்கள் பக்கத்தில் இது கொஞ்சம் பரவியது. அதற்கு நான் பொறுப்பு.

ஐந்தாவது மாதம் அக்கா கடையில் இருந்தபோது இருமலில் இரத்தம் வந்தது. டிக்கட்டின்மேல் பட்டுவிட்டது என்று அதைத் துடைத்துக்கொண்டிருந்தாளாம். பக்கத்துப் பழக்கடைக்காரர் எனக்குப் போன் பண்ணினார். இந்த முறை நேராக நெஞ்சாஸ்பத்திரிக்குத்தான் போனோம். அங்கே ஒரு இளம் டொக்டர், எனக்கு மகன் இருந்தால் அவன் வயது இருக்கும், பழைய ஸ்கேனை வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அம்மாவுக்கு முந்திக் காசம் வந்திருக்கா? இதுக்கு முதல் எடுத்த படம் ஏதும் இருக்கா?"

அக்கா இல்லை, இல்லை என்று தலையாட்டினாள். இதே இரண்டு கேள்விகள். இவற்றுக்கு ஒரு தரம் பதில் சொன்னவன் நான். வெள்ளவத்தை டொக்டர் ரசீதின் அளவைப் பார்த்துச் செய்தி சொல்லவில்லை. ஒரே நிழல், காசம் வந்து பதினைந்து வருஷம் மாறாமல் இருந்தவளுக்கு வடு. காசமே வராமல் மெலிந்துகொண்டு போகிறவளுக்கு வேறு. நான் சொன்ன பொய்க்குத்தான் அவர் சரியாகப் பதில் சொல்லியிருக்கிறார்.

துண்டு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய். ஆரம்பத்தில் வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம், இப்போது மருந்தால்தான் பிடித்து வைக்கப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று இளம் டொக்டர் கேட்டபோது அக்கா, "என்ர கவனக்குறைவு, டொக்டர்" என்றாள்.

அன்று பின்னேரமே வெள்ளவத்தைக்குப் போனேன். வாச்சர் என்னைப் படியில் மறித்தார். "தொக்தர் நோனா தன் கவுருவத் பலன்னே நே," என்றார். அம்மணி இப்போது ஒருவரையும் பார்ப்பதில்லையாம். படம் பார்க்க வரவில்லை என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

டொக்டர் இளைத்திருந்தார். வெளிச்சப்பெட்டிக்கு மேல் பழைய பத்திரிகைகளை அடுக்கி வைத்திருந்தார். என்னை அடையாளம் கண்டார். "கன்ரீன் பொம்பிளை எப்பிடி இருக்கிறா? அந்தப் பழைய படம் கொண்டு வந்தனீங்களோ?"

"ஏன் டொக்டர் ஆக்களைப் பாக்கிறதை விட்டனீங்க?"

"மூளை பிழைச்சுப் போச்சு," என்றார், ஏதோ தண்ணீர்க் குழாய் பிழைத்துப்போன மாதிரி. "ஒரு படத்தை ஒரு நாள் வடு எண்டன். மூண்டு கிழமைக்குப் பிறகு அதே படம் மாதிரி ஒண்டு வந்தது, துண்டு எடுக்கச் சொன்னன். ஒரே படம் எண்டு என்ர கண் சொல்லுது. கொண்டு வந்த பிள்ளை இல்லை எண்டுது, பொய் சொல்லுற முகமும் இல்லை. அப்ப நான்தான் பிழை. என்ர தலையையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தன். படத்தில ஒண்டுமில்லை. ஆனா அப்பிடி ஒருத்தி இன்னொராளின்ர உயிரைப் பற்றிச் சொல்லக் கூடாது."

நான் சொன்னேன். டேப், போனஸ், கன்ரீன், காசம், லாச்சிக்குள் இருந்த கடிதம், எல்லாம். உட்காராமல் நின்றபடியே சொன்னேன். சொல்லி முடிந்ததும் அவர் திட்டுவார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் சிரித்தார். அதற்கு முன்பு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்ப ஒரே படம்தான். என்ர கண் சரி. கடவுளே, என்ர கண் சரி." ஐந்து மாதமாகத் தன்னையே சந்தேகித்த ஒருவரின் சந்தோஷம் அது. என் வருத்தத்துக்கு அதில் இடமே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு சட்டென்று நின்றார். "அந்த அக்கா எங்க?"

சொன்னேன். மேசையில் இருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "வாயால சொல்லாததைச் சனம் தர்மத்தில சொல்லும். வீட்டில என்ன வருத்தம் இருந்ததோ, எதுக்குப் பயமோ, அங்கதான் குடுப்பினம். அதுக்காகத்தான் ரசீதைக் கேட்டனான். ஒருத்தன் ரசீதாலயும் பொய் சொல்லுவான் எண்டு எனக்குத் தோணேல்லை. அதை நான் யோசிச்சிருக்கோணும்." அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். "வாங்கோ, போவம்."

வார்டில் அவரைக் கண்டதும் அக்கா எழும்ப முயன்றாள். டொக்டர் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தார்.

"நீங்க அண்டைக்கே சொன்னீங்க, டொக்டர். நான்தான் கேக்கேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்க," என்றாள் அக்கா.

டொக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். ஆட்கள் உண்மையைச் சொல்லும்வரை படத்தைத் தொடாமல் காத்திருப்பாரே, அந்தப் பார்வை. எவ்வளவு நேரமும் நிற்பார் என்று எனக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்களப் பெண் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். நான் அக்காவின் கால்மாட்டில் நின்று இரண்டாம் முறையாக எல்லாவற்றையும் சொன்னேன்.

முடிந்த பிறகு அக்கா ஒன்று மட்டும் கேட்டாள்.

"கடிதத்தில ரெண்டு கிழமை எண்டு எழுதியிருந்ததா?"

"ஓம்."

"நான் கேக்கேக்க நீ வழமையான கதை எண்டு சொன்னாய்."

"ஓம், அக்கா."

அவள் அழவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். டொக்டரின் பக்கம் திரும்பி, "இனி வாற கடிதங்களை நீங்க வாசிச்சுச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

டொக்டர் மறுபடி சனிக்கிழமைகளில் ஆட்களைப் பார்க்கத் தொடங்கினார். ஆனால் ஏற்பாடு மாறிவிட்டது. நோயாளி தானே வர வேண்டும், அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், படத்தில் இருக்கிற பெயரோடு அதை ஒப்பிட்ட பிறகுதான் ரசீது. நடக்க முடியாதவர்களுக்கு இது கஷ்டம். இரக்கமில்லாத மனுசி என்றும், காசு கொடுத்தவர்களையே கள்ளர் மாதிரி நடத்துகிறார் என்றும் எங்கள் பக்கத்தில் குறைப்பட்டார்கள். ஏன் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். சிலருக்குச் சொன்னேன். எல்லோருக்கும் சொல்லத் துணிவு வரவில்லை. அக்காவை மட்டும் ரசீது கேட்காமல் பார்த்தார். இரண்டு வருஷம் அப்படி ஓடியது. பிறகு முழங்கால் முற்றாக ஏலாமல் போய், மகளோடு இருக்க அவுஸ்திரேலியாவுக்குப் போனார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அக்காவுக்குப் போன் பண்ணி அரை மணித்தியாலம் கதைத்தார்.

அக்கா மருந்தோடு இருக்கிறாள். காலையில் கடைக்குப் போகிறாள், மத்தியானம் வந்து படுக்கிறாள். லைட் பில்லை இன்னமும் என்னிடம்தான் தருகிறாள். ஆஸ்பத்திரியில் இருந்து வருவதைத் தருவதில்லை. கீழே கொண்டுபோய் ரீச்சரிடம் கொடுத்து வாசிப்பித்துக்கொண்டு வருகிறாள்.

போன மாதம் ஒரு கடிதம் வந்தது. வழக்கத்தை விடத் தடிப்பாக இருந்தது. அக்கா கீழே போய் வர வெகு நேரமானது. அடுத்த நாள் நான் ரீச்சரைப் படியில் மறித்துக் கேட்டேன். "அக்கா சொல்ல வேண்டாம் எண்டவ, தம்பி. என்னட்டக் கேட்காதீங்க," என்றார். அன்று மத்தியானம் அக்கா சோறு போட்டுத் தந்தாள். கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன்.

"எல்லாம் நல்லது எண்டுதான் எழுதியிருக்கு. நீ சாப்பிடு," என்றாள்.

ஒருவர் பொய் சொல்கிறாரா இல்லையா என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று ஒஃபிஸில் எனக்குப் பெயர் இருக்கிறது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து சாப்பிட்டேன்.